திருப்பாச்சூர்: ஒரே இறைவன், இரண்டு குரல்கள்

திருவள்ளூரை அடுத்த திருப்பாச்சூரில் குடிகொண்டிருக்கிறார் வாசீஸ்வரர். அம்பாள் பெயர் தங்காதலி. 'பாசு' என்றால் மூங்கில். மூங்கில் புதரில் வெளிப்பட்டவர் இறைவன் என்கிறது தல வரலாறு.

இத்தலத்தைச் சம்பந்தரும் அப்பரும் பாடியிருக்கிறார்கள். ஒருவர் பாலகர், மற்றவர் முதியவர். இருவர் பதிகங்களையும் அருகருகே வைத்துப் படித்துப் பாருங்கள். ஒப்பிலக்கியம் அங்கேயே தொடங்கிவிடுகிறது!

இந்தியாவில் அதற்கென முதல் துறை 1956-ல் கொல்கத்தா ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் உருவானது. அதற்கு வெகுகாலம் முன்பே கம்பனை ஹோமர், மில்டனோடு ஒப்பிட்டு ஆங்கிலத்தில் எழுதியவர் வ.வே.சு. ஐயர்.

திருவள்ளூரில் மின்சார ரயிலேறி, சென்னைக் கல்லூரிகளில் ஆங்கில இலக்கியம் படிக்கும் பிள்ளைகள் தமிழை வீட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டாம். ஒப்பிடுவதற்கு இரண்டு பக்கம் வேண்டும். அதில் ஒரு பக்கம் அவர்கள் ஊரிலேயே இருக்கிறது.