தீப்பெட்டிப் பட ஆட்டம்

சீட்டு என்னும் சொல்லைக் கேட்ட அளவிலே முகஞ் சுளிப்பார் நம்மிற் பலர். காசு வைத்தாடுஞ் சீட்டினால் நிலைகுலைந்த குடிகளை அவர்கள் கண்டிருப்பர். ஆதலின் அவ்வெறுப்புக் குற்றமுடையதன்று. ஆயினும், சீட்டாட்டத்தில் வேறொரு வகை உண்டு. அது 52 என்னுங் கணக்கிற்குள் அடங்குவதன்று. அதில் ஆடுவோர் ஒவ்வொருவரும் தத்தம் சீட்டுக்களைத் தாமே தேடிச் சேர்ப்பர். மிகுந்ததைக் கொடுத்து இல்லாததை மாற்றிக்கொள்வர். சேர்த்தவற்றைக் கொண்டே ஆடுவர். சேர்த்தல், மாற்றல், ஆடல் என்னும் மூன்றும் ஒருங்கியைந்த இதனை ‘மாற்றுச்சீட்டாட்டம்’ என்று ஈண்டு வழங்குவோம்.

1993-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில், ரிச்சர்டு கார்பீல்டு என்னுங் கணித அறிஞர் அமைத்த ‘மேஜிக்’ என்னும் ஆட்டம் இவ்வகையிற் பெரும்புகழ் பெற்றது. ஜப்பானியரது ‘போக்கிமான்’ சீட்டு 1996-இல் அதனைப் பின்தொடர்ந்தது. இவற்றைச் சிறு சிறு உறைகளில் மூடி விற்பர். உறையைக் கிழிக்குமுன் உள்ளே யாதுளது என்று வாங்குவோன் அறியான். அரிய சீட்டு ஒன்று கிட்டினுங் கிட்டும், எளியவையே கிட்டினுங் கிட்டும். நம் மதுரைத் தெருக்களின் பெட்டிக்கடைகளிலும், மல்வீரர் படமும் கிரிக்கெட்டு வீரர் படமும் அச்சிட்ட ‘டிரம்ப்’ சீட்டுக்கள் தொங்கியதுண்டு. இவையெல்லாம் பலரும் அறிந்தவை. யாம் எழுதப் புகுந்தது பலரும் விளையாட்டென்றே எண்ணாத ஒன்றைப் பற்றி. அது தீப்பெட்டிப் படம்.

தீப்பெட்டியின் மேற்புறத்து அட்டையைக் கிழித்தெடுத்துச் சேர்ப்பது நம் பக்கத்துச் சிறுவரின் பழைய வழக்கம். அதற்கு வேண்டிய படங்களை அள்ளிக் கொடுத்தது மதுரைக்குத் தெற்கேயுள்ள சிவகாசி. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று, தீப்பெட்டித் தொழிலைக் கற்று மீண்டனர். மழை குறைந்த அந்நிலத்தின் வறண்ட காற்று, உழவுக்குப் பகையாயினும் தீக்குச்சிக்கு நட்பாயிற்று. தீப்பெட்டி பெருகப் பெருக, அதன்மேல் ஒட்டும் படங்களை அச்சிட அச்சகங்கள் எழுந்தன; அவ்வச்சுத் தொழிலே பின்னர் நாட்காட்டியும் பாடநூலுமாக விரிந்தது. விலங்கு, பறவை, கப்பல், மலர், விளக்கு எனத் தொழிற்சாலைதோறும் ஒரு சின்னம். ஒன்று விலைபோயின் அதனைப் போன்ற சின்னம் வேறு பல. சிறுத்தையோடு ஒருவன் பொருதும் படத்தை அறியாத தமிழ்ச் சமையலறை அரிது. இத்துணை வகைப் படங்கள் விலையின்றிக் கிடக்கும்போது, சிறுவர் ஆட்டம் அமைத்ததில் வியப்பென்னை?

பிற நாட்டுச் சிறுவரும் இதற்கு விலக்கல்லர். சிகரெட்டுப் பெட்டி நசுங்காதிருத்தற்கென்று உள்ளே வைத்த தடித்த அட்டைகளில், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க வணிகர் படம் அச்சிடலாயினர். அவ்வழக்கம் இங்கிலாந்திற்கும் பரவியது. அங்குச் சிறுவர் அவ்வட்டைகளைச் சுவரை நோக்கிச் சுண்டியெறிந்து வென்றும் தோற்றும் மகிழ்ந்தனர். ஜப்பானியச் சிறுவரின் ‘மென்கோ’ ஆட்டத்தில், தரையிற் கிடக்கும் அட்டை புரளும்படி மற்றோர் அட்டையால் ஓங்கி அடிப்பர். இவ்வுறவினரை நோக்க, எம் தீப்பெட்டிப் படம் தனியே நிற்பதன்று என்பது விளங்கும்.

இனி, தொடங்குவோர்க்கு வேண்டுவன கூறுவோம். தட்டையான கல்லோ, உடைந்த ஓட்டுத் துண்டோ ஒன்று வேண்டும்; அதனைச் ‘சில்லு’ என்பர். தரையில் ஒரு சாண் அகலத்திற்கு வட்டம் ஒன்று கீறுக. பத்தடிக்கு அப்பால் ஒரு கோடு இழுக்க. ஆடுவோர் அனைவரும் ஒத்த மதிப்புள்ள படங்களை வட்டத்தின் நடுவே அடுக்குவர். யார் முதலில் எறிவது என்பதை அறிய, வட்டத்தருகே நின்று கோட்டை நோக்கித் தத்தம் சில்லை எறிவர். கோட்டை அணுகி விழுந்த சில்லுக்குரியவர் முதல்வர். பின்னர்க் கோட்டில் நின்று அடுக்கைக் குறிபார்த்து எறிதல் வேண்டும். வட்டத்திற்கு வெளியே சிதறிய படம் எறிந்தவர்க்கு உரியது. சில்லு வட்டத்தினுள்ளே தங்கிவிடின், ஒன்றுங் கிட்டாது. முறை அடுத்தவர்க்குச் செல்லும். மிகுந்த விசையோடு எறிந்தால் மேற்படம் மட்டும் பறக்கும்; தாழ எறிந்து, தரையைத் தேய்த்துச் செல்லவிட்டால் அடுக்கே பெயரும். இந்நுட்பம் பத்து நாட்பயிற்சியில் அமையும்.

படத்தின் மதிப்போ ஊருக்கு ஊர் வேறாகும். எங்குங் கிடைப்பதற்கு 5. தேடினாற் கிடைப்பதற்கு 10. அயலூரிலிருந்து வந்த அரிய படத்திற்கு 50 என்று ஆடுவோர் கூடி வகுத்துக்கொள்வர். அம்மதிப்பை எந்த வணிகரும் அச்சிட்டுக் கொடுப்பதில்லை. ஆட்டம் தொடங்குமுன் அதனைப் பற்றி நிகழும் வழக்குரையே ஆட்டத்திற் பாதியாகும்.

சென்ற கோடை விடுமுறையில், திருமங்கலத்திற்கு மேற்கே கரிசற் சிற்றூர் ஒன்றில் நடந்த விடுமுறை வேதாகமப் பள்ளியில் பத்து நாட்கள் ஊழியஞ் செய்யும் பேறு எமக்குக் கிட்டிற்று. காலையில் பாட்டும் வேதபாடமும், மாலையில் விளையாட்டு. முதல் நாள் மாலையில் டிரம்ப் சீட்டு வைத்திருந்தார் நால்வர் ஆடினர். இல்லாதார் இருபதின்மருக்கு மேற்பட்டோர் சுற்றி நின்று பார்த்தனர். பார்ப்பதும் ஒருவகை இன்பமே எனினும், பத்து நாளும் பார்த்தே கழிப்பது சிறுவர்க்கு ஆகுமோ? எம் மாமா எமக்குச் சிறு வயதிற் கற்பித்த தீப்பெட்டிப் படம் அப்போது நினைவுக்கு வந்தது. மறுநாள், தேநீர்க் கடையிலும் கோயிற் சமையற்கட்டிலும் கழித்த பெட்டிகளைத் திரட்டிக்கொண்டு போய் வட்டம் கீறினோம்.

தொடக்கத்திலேயே ஓர் இடர் எழுந்தது. ஒரு சிறுமியிடம் படமே இல்லை. குச்சி தீருமுன் பெட்டியைத் தொடவிடாள் அவள் தாய். அவள் பின்னே ஒதுங்கி நிற்பதைக் கண்டு, அன்று மிகுதியாக வென்றிருந்த பையன் தன் கட்டிலிருந்து ஐந்து படங்களை எண்ணி, “இந்தா, செயிச்சுத் திருப்பிக் கொடு” என்று நீட்டினான். யாம் ஏவியதன்று அது. எதிரி இல்லாமல் ஆட்டம் நடவாது என்பதை அவன் அறிந்திருந்தான். அன்று முதல் புதிதாய் வருவோர்க்கு ஐந்து படங் கொடுப்பது வழக்கமாயிற்று. அதற்குக் ‘கைப்படம்’ என்று பெயருமிட்டனர். மூன்றாம் நாள் அச்சிறுமி அவனிடமிருந்து பதினேழு படங்களை வென்றாள். தன்னுடைய ஐந்தும் எங்கே என்று அவன் கேட்க, அவள் எண்ணிக் கொடுத்துவிட்டு, மறுபடியும் அவற்றையே வென்றாள்!

ஊர் உபதேசியார் இவற்றையெல்லாம் திண்ணையிலிருந்தே நோக்கியிருந்தார். ஒரு மாலை எம்மை அழைத்து, “தம்பி, இது சூதுக்கு அரிச்சுவடி ஆகிவிடாதா?” என்றார். அவர் வினாவை எளிதில் தள்ளிவிட எமக்கு மனம் வரவில்லை. தமிழ் பயிலும் எமக்கு, திருவள்ளுவர் சூதிற்கென்றே ஓர் அதிகாரம் வகுத்திருப்பது தெரியும். சிறிது கிட்டியதைக் கண்டு மயங்கிப் பெரியதை இழப்பதே அங்கு அவர் காட்டும் கேடு. “இங்கு இழப்பது கழித்தெறிந்த அட்டையே, ஐயா; நாளை மீண்டும் பொறுக்கலாம்” என்றோம். “காசு உள்ளே வந்தால்?” என்றார். “அன்றே நிறுத்திவிடுகிறோம்” என்று சொல்லி வந்தோம்.

காசு வந்தே விட்டது. லாரி ஓட்டும் தந்தையார் வடநாட்டிலிருந்து கொணர்ந்த பெட்டியின் படம் ஒரு பையனிடம் இருந்தது. அதற்கு மதிப்பு 50. அதன்மேல் ஆசைகொண்ட மற்றொருவன் ஐந்து ரூபாய் நாணயத்தை நீட்டினான். 2021 டிசம்பர் முதல் நாளன்று, பதினான்கு ஆண்டுகட்குப் பின் தீப்பெட்டி விலை ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாயாக ஏறியது. அங்ஙனமாக, இரண்டு ரூபாய்ப் பெட்டியின் வெற்று அட்டைக்கு ஐந்து ரூபாய்! யாம் குறுக்கிட்டுத் தடுத்தோம். படத்துக்குரியவன் அழுதான், ஐந்து ரூபாய்க்கு ஐஸ் வாங்கலாம் என்பது அவன் எண்ணம். தன் பொருளைத் தான் விற்க விரும்பியவனைத் தடுத்தல் நீதியோ என்று அன்றிரவு நெடுநேரம் எண்ணினோம். எனினும் கொடுத்த சொல்லைக் காத்தல் வேண்டும். நாணயம் ஒன்று உட்புகுந்தால், ஐந்து ரூபாய் உடையவன், இல்லாதவன் என்ற பழைய பிரிவினையே அவ்வட்டத்தின் நடுவிலும் வந்து அமரும். மூடிய உறையைக் காசு கொடுத்து வாங்கி, உள்ளிருப்பது யாதோ என்று கிழித்துப் பார்க்கும் நாகரிக ஆட்டமே, வட்டங் கீறி ஆடும் இதனினும் சூதிற்கு அணித்து என்பது அன்றிரவு எமக்குப் புலனாயிற்று.

இவ்வட்டமோ மிகப் பழையது. நற்றிணை மூன்றாம் பாட்டில், வேப்ப மரத்தின் புள்ளி நிழலில், பொன் உரைக்குங் கட்டளைக்கல்லைப் போன்ற அரங்கு கீறி, நெல்லிக்காயை வட்டாகக் கொண்டு ஆடும் சிறுவரை இளங்கீரனார் காட்டுகின்றார். அரங்கு இழையாமல் வட்டாடுதலை, நிரம்பிய நூலறிவின்றி அவையிற் பேசப் புகுதற்கு உவமையாக்கினார் வள்ளுவர். வகுப்பில் இவற்றை உரையோடு பயின்றபோது சொற்பொருள் மட்டுமே விளங்கிற்று. கரிசல் மண்ணில் ஒரு சிறுவன் குச்சியால் வட்டங் கீறியபோதே பாட்டு விளங்கிற்று.

ஊழியம் முடிந்து வீடு திரும்பிய பின், எஞ்சிய படங்களை எம் அம்மாச்சியிடம் காட்டினோம். அவர் சாத்தூருக்கு அருகே பிறந்து, பத்து வயதிலேயே தீப்பெட்டி வேலைக்குச் சென்றவர். படங்களைக் கையிலெடுத்தவர் முதலிற் பார்த்தது படத்தையன்று; ஓரத்தை. “ஒட்டு இல்லையே, எல்லாம் அட்டையிலேயே அச்சடிச்சிட்டானா?” என்றார். அவர் காலத்தில் பெட்டி மரச்சீவலால் ஆனது; படம் மெல்லிய தாள். பசை தடவி ஒவ்வொன்றாக ஒட்டுதல் வேண்டும். கூலி குரோசுக் கணக்கு. ஒரு குரோசு என்பது 144 பெட்டி. ஒரு தாள் கிழிந்தாலும் கூலியிற் கழிப்பார்களாம். “நீங்கள் இதை வைத்து விளையாடியதுண்டா, அம்மாச்சி?” என்று வினவினோம். “விளையாடவா? கையை விட்டுப் போனாப் போதும்னு இருக்கும்” என்றார்.

அச்சொல் எம் நெஞ்சிற் தைத்தது. மதுரைத் தெருவில் ஒரு சிறுவன் ஆரவாரத்தோடு வென்ற படத்தை, சாத்தூரில் அவனையொத்த சிறுமி ஒருத்தி ஒட்டினாள். ஒரே தாள் ஒருவனுக்கு விளையாட்டாகவும் ஒருத்திக்கு வேலையாகவும் இருந்தது. 1986-ஆம் ஆண்டின் சட்டம் சிறுவரைத் தீப்பெட்டித் தொழிலில் அமர்த்துவதை விலக்கிற்று. 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், சிவகாசியைப் பற்றிய வழக்கிலே, அங்ஙனம் அமர்த்தும் முதலாளி குழந்தை ஒன்றிற்கு 20,000 ரூபாய் செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. 2016-இல் வந்த திருத்தம், 14 வயதிற்குட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது என்று விதித்து, குடும்பத் தொழிலிற் பள்ளி நேரத்திற்குப் புறம்பே துணைசெய்தல் முதலிய சிலவற்றையே விலக்காக வைத்தது. எம் அம்மாச்சிக்கு இவையெல்லாம் காலங் கடந்து வந்தவை. மறுநாட் காலையில் முற்றத்தில் வட்டங் கீறி, ஐந்து கைப்படம் எண்ணி அவர் கையிற் கொடுத்தோம். “எனக்கெதுக்குய்யா இதெல்லாம்?” என்றவர், சில்லை மட்டும் கீழே வைக்கவில்லை.

அடுப்புக்கு மின்பொறி வந்துவிட்டது. சிகரெட்டுக்கு லைட்டர் வந்துவிட்டது. தீப்பெட்டி குறையக் குறைய, இவ்வாட்டமும் அருகுதல் இயல்பே. அதனை எண்ணி இரங்க யாம் எழுதவில்லை. விடுமுறைதோறும் சிற்றூர்களுக்கு ஊழியஞ் செய்யச் செல்லும் நம் கல்லூரி நண்பர்க்கு ஒன்று சொல்லவே எழுதினோம். மட்டையும் பந்தும் கொண்டுசெல்லப் பொருளில்லையெனின் வருந்தற்க. நாலு பெட்டி அட்டையும் ஓர் ஓட்டுத் துண்டும் போதும். தொடங்குமுன், கையில் ஒன்றுமின்றிப் பின்னே நிற்பவர் எவரேனும் உளரோ என்று நோக்குக. அவர்க்கு ஐந்து படங்களை எண்ணிக் கொடுத்த பின்னரே வட்டத்தைக் கீறுக.