உடவத்தக்கெலேயில் ஒரு சுற்று

கண்டியில் வாழ்வோரிடம் ஒரு வழக்கம் உண்டு. வெளியூரிலிருந்து உறவினர் வந்தால் தலதா மாளிகையைக் காட்டுவோம். ஏரியைச் சுற்றி அழைத்துச் செல்வோம். பேராதனைப் பூந்தோட்டத்துக்குப் பஸ் ஏற்றி விடுவோம். மாளிகைக்குப் பின்னே எழுந்து நிற்கும் காட்டை மாத்திரம் விரலாற் சுட்டி, "அதோ உடவத்தக்கெலே" என்று சொல்லி முடித்துவிடுவோம். அக்காட்டின் விளிம்பிலே வீடு வைத்திருக்கும் நாமும் இதற்கு விலக்கல்ல. முப்பது ஆண்டுகளில் நாம் அதனுட் சென்றது ஐந்தாறு முறைக்கு மேல் இராது.

பேராதனைப் பல்கலைக்கழகத்திலே தாவரவியல் படிக்கும் எமது பேர்த்தி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் விடுதியிலிருந்து வந்து சேர்ந்தாள். "அப்பப்பா, வெளிக்கிடுங்கோ. வெயில் ஏற முதல் ஒரு சுற்றுச் சுற்றிப்போட்டு வருவம்" என்றாள். முழங்கால் வலியைச் சொல்லிப் பார்த்தோம். பாதை சமதரை போன்றது என்று சாதித்தாள். அது அத்துணை உண்மையன்று என்பதைப் பின்னர் எமது முழங்கால்களே சாட்சி கூறின.

முதல்நாள் இரவு மழை பெய்திருந்தது. மழைக்குப் பின் அக்காட்டுக்குப் போகிறவர்களை வரவேற்க அட்டைகள் காத்திருக்கும். ஆகவே காற்சட்டையைக் காலுறைக்குட் செருகி, அதன்மேல் ஈரச் சவர்க்காரத்தை நன்றாகத் தேய்த்துக்கொண்டு புறப்பட்டோம். வாயிலிற் சீட்டுப் பெற்று உள்ளே பத்து அடி வைத்ததும் நகரத்தின் இரைச்சல் யாரோ கதவைச் சாத்தியதுபோல் அடங்கிற்று. எங்கோ ஒரு குக்குறுவான் விடாது கூவிக்கொண்டிருந்தது. கீழேயிருந்து மாளிகையின் மேளவோசை மெல்லியதாக வந்தது.

1815 இல் ஆங்கிலேயர் கண்டியைக் கைப்பற்றுமுன் இது அரச குடும்பத்தினருக்கு உரிய வனமாயிருந்தது, குடிமக்கள் நுழையலாகாது. 1856 இல் ஒதுக்குக் காடாகவும் 1938 இல் சரணாலயமாகவும் பிரகடனஞ் செய்யப்பட்டது. பரப்பு ஏறக்குறைய 104 ஹெக்டேயர். உள்ளே ஓடும் பாதையொன்றுக்கு, 1831 முதல் 1837 வரை தேசாதிபதியாயிருந்த வில்மட் ஹோட்டனின் மனைவியின் பெயர் வழங்குகிறது. ஆங்கிலக் கவி பைரன் தம் புகழ்பெற்ற பாடலொன்றை 1814 இல் பாடியது அந்த அம்மையாரைக் கண்டேயாம். அவரும் அட்டைக்கடி பட்டிருப்பாரா என்று பேர்த்தியிடம் கேட்டோம். அவ்வேளை எமது கழுத்திலே ஒன்று ஏறிக்கொண்டிருந்ததை அவள்தான் கண்டு தட்டிவிட்டாள். சவர்க்காரம் காலுக்குத்தானே காவல்! கடிவாயில் வலியில்லை, ஆனாற் குருதி உறையாதபடி ஒரு பொருளை அது செலுத்திவிடுவதால், சட்டையின் கழுத்துப்பட்டி வீடு சேரும்வரை நனைந்துகொண்டேயிருந்தது.

அரசர் காலக் குளத்தருகே சிறிது இளைப்பாறினோம். அப்பாற் பாதையோரத்தில், ஆள் பருமனுள்ள ஒரு கொடி மலைப்பாம்புபோல் முறுகி மரத்துக்கு மரம் தாவிச் சென்றது. அதன் காய் மூன்றடிக்கு மேலும் நீளுமாம். அதையெல்லாம் வியந்துகொண்டு வளைவொன்றைத் திரும்பியவர்கள், எம்மை அறியாமலே நின்றுவிட்டோம்.

முன்னே ஒரு சரிவு. தரையே தெரியவில்லை. பச்சையும் பொன்னும் கலந்த இலைகள் சரிவு முழுவதையும் மூடிக் கிடந்தன. மரங்களிலும் அதே கொடி ஏறியிருந்தது. மேலே போகப் போக இலைகள் சுளகளவு விரிந்து ஓரங்கிழிந்து தொங்கின. "இதுவல்லவோ காடு!" என்று வாய்விட்டுக் கூறினோம்.

"அப்பப்பா, இது என்னெண்டு தெரியேல்லையோ?"

"ஏதோ காட்டுக்கொடி."

"எங்கட வீட்டுச் சன்னலிலை நிக்கிறதுதான். மணிப்பிளான்ட்."

நாம் நம்பவில்லை. எமது சன்னலில் உள்ளதன் இலை உள்ளங்கையளவுதான். அவள் குனிந்து தரையோரத்து இலையொன்றைக் காட்டினாள். அதே இலை, அதே மஞ்சட் கோடு. மரத்தைப் பற்றி மேலேறும்போதே இலை பெருக்குமாம். பசிபிக் சமுத்திரத்திலே மூரேயா என்னுந் தீவு இதன் தாயகம். பூப்பது மிக அரிது. தண்டின் ஒரு கணு போதும், வேர்விட்டுப் படரும். இதன் அடியில் வெளிச்சம் விழாதபடியால் இந்நாட்டு மரங்களின் விதை முளைத்தாலும் நிலைப்பதில்லை. "இந்தச் சரிவிலை ஒரு மரக்கண்டு காட்டுங்கோ பாப்பம்" என்றாள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தேடினோம். ஒன்றும் அகப்படவில்லை.

"விதை இல்லையென்றால் இங்கே எப்படி வந்தது?" என்று கேட்டோம். கேட்ட பின்னரே, கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றிற்று.

"ஆரோ கொண்டுவந்து நட்டிருப்பினம். இல்லாட்டி வெட்டி எறிஞ்சிருப்பினம்."

எமது மனைவி ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலில் நீர் நிரப்பி, அயல்வீட்டிற் பெற்ற ஒரு சாண் தண்டை அதிலே வைத்தாள். அவள் போய்ப் பதினொரு ஆண்டுகள் ஆயின. வேறு எதை மறந்தாலும் அப்போத்தலுக்கு நீர் மாற்ற நாம் மறந்ததில்லை. கொடி நீண்டு சன்னலை மறைக்கும்போது நறுக்கிப் பின்மதிலுக்கு அப்பால் எறிந்துவிடுவோம். மதிலுக்கு அப்பால் ஒரு வாய்க்கால்; வாய்க்காலுக்கு அப்பாற் காடு. பச்சைப் பொருள்தானே, உக்கிப்போகும் என்று எண்ணினோம். ஒரு தரமன்று, பல தரம்.

எஞ்சிய பாதை முழுவதும் பேசாது நடந்தோம். வாயிலை நெருங்கியபோதுதான் அவளிடஞ் சொன்னோம். அவள் சிரிக்கவுமில்லை, கடியவுமில்லை. "மதிலுக்குப் பின்னாலை போய்ப் பாப்பம்" என்றாள்.

பிற்பகலிற் போய்ப் பார்த்தோம். கொடி வாய்க்காலைக் கடந்து, அக்கரையில் நின்ற மரமொன்றில் ஏறியிருந்தது. அந்தி சாயும்வரை இருவரும் இழுத்தோம். ஒவ்வொரு கணுவும் மண்ணைப் பற்றிக்கொண்டு விட மறுத்தது. அறுந்த துண்டும் முளைக்கும் என்பதால், இரண்டு சாக்கு நிறைய அள்ளிவந்து முற்றத்துச் சீமெந்துத் தரையிற் காயப்போட்டோம்.

இரவு அவள் சன்னலருகே நின்றதைக் கண்டு எமக்கு நெஞ்சு திடுக்கிட்டது. "அப்பம்மான்ர போத்தல் இருக்கட்டும் அப்பப்பா. வெட்டுறதை மட்டும் வெளியிலை எறியாதேங்கோ" என்றாள்.

அதன் பின்னர் மூன்று ஞாயிறுகள் சாக்கும் கையுமாக வந்துவிட்டாள். வாய்க்காலின் இருகரையும் இப்போது வெறுமையாகத் தெரிகின்றன. மரத்திலே, எமது கைக்கு எட்டாத உயரத்தில், இன்னும் நாலு முழம் இருக்கிறது. அடுத்த கிழமைக்கு ஏணி இரவல் கேட்டிருக்கின்றோம்.