சின்னப்பர் என்னும் திருப்பெயர்

கிறித்தவ மரபிற் பெயர் வெறும் அடையாளமன்று. அஃது ஓர் அழைப்பு. சீமோனுக்குப் 'பாறை' எனப் பொருள்படும் கேபா என்னும் பெயரை இயேசு வழங்கியமை இதற்குச் சான்றாகும். பவுலின் நிலையோ வேறு. மனமாற்றத்தின்போது இறைவன் அவருக்குப் புதுப்பெயர் சூட்டினார் என்பது பரவலான எண்ணம். அப்போஸ்தலர் பணி நூல் அவ்வாறு கூறவில்லை. பவுல் எனவும் அழைக்கப்பட்ட சவுல் என்றே 13ஆம் அதிகாரத்தில் அவரைச் சுட்டுகின்றது.

சவுல் என்பது இஸ்ரவேலின் முதலரசன் பெயர். பென்யமீன் கோத்திரத்தவனான அவ்வரசன் மக்கள் அனைவரிலும் உயரமானவன். அதே கோத்திரத்திற் பிறந்த ஒருவருக்கு அப்பெயர் பெருமை தருவதே. பவுல் என்பதோ இலத்தீன் மொழியிற் 'சிறியவர்' எனப் பொருள்படும். எனினும் தம் திருமுகங்களில் அவர் தமக்கிட்டுக்கொண்ட பெயர் இதுவே. அப்போஸ்தலருள் தாம் கடையர் எனக் கொரிந்தியருக்கு எழுதியவருக்கு அது பொருந்தியதாயிற்று.

தமிழ்க் கத்தோலிக்கர் அவரைச் 'சின்னப்பர்' என்றனர். ஒலியை விடுத்துப் பொருளையே தமிழாக்கினர். சிறுமையைச் சுட்டுஞ் சொல்லுடன் 'அப்பர்' என்னும் மதிப்பையும் இணைத்தனர். தாழ்மையே உயர்வு என்னும் நற்செய்தி அப்பெயருள் அடங்கியுள்ளது. திருமுழுக்கில் அதனைப் பெறும் குழந்தை பெருமையையன்று, வாழ்நாள் முழுவதும் நிறைவேற்றவேண்டிய ஒரு கடமையையே பெறுகின்றது.