வாலுள்ள தவளையைப் பார்க்க டார்ஜிலிங் போகலாமா?

கம்பைநல்லூர் பக்கம் முதல் பெருமழை பெய்த ராத்திரியில் ஏரி ஓரம் தவளைக் கச்சேரி களைகட்டும். கோடை முழுக்க மண்ணுக்குள் கிடந்தவைகூட ஒரே மழையில் வெளியே வந்துவிடும். ஆனால், வாலுள்ள தவளையை அங்கே யாரும் பார்த்திருக்க முடியாது. அதற்கு டார்ஜிலிங் மலை ஏற வேண்டும்.

அதன் பெயர் சாலமாண்டர். பார்த்தால் பல்லி மாதிரி இருக்கும். உண்மையில் தவளைக்குத்தான் பங்காளி. உடம்பில் செதில் கிடையாது. ஈரமான தோல் வழியாகவும் சுவாசிக்கும். அதனால் தோல் காய்ந்தால் உயிருக்கே ஆபத்து. உலகில் 700-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. மிக அதிகமாக இருப்பது வட அமெரிக்காவில். இந்தியாவில் கிழக்கு இமயமலையிலும் வடகிழக்கு மாநிலங்களிலும் மட்டுமே பார்க்கலாம். தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை.

டார்ஜிலிங்கில் இருப்பது இமாலயச் சாலமாண்டர். ஒரு சாண் நீளம். முதுகின் இருபுறமும் வரிசையாகப் புடைப்புகள். சீனாவின் யுன்னானில் வாழும் இனம்தான் இதுவும் என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 2015-ல்தான் தனி இனமாக அறிவித்தார்கள்.

எப்படிப் போவது? மொரப்பூரில் ரயில் ஏறி சென்னை, அங்கிருந்து நியூ ஜல்பைகுரி, பிறகு ஜீப். டார்ஜிலிங்கிலிருந்து சுமார் 20 கி.மீ. தூரத்தில், 7,000 அடிக்கு மேல் இருக்கிறது ஜோர்போக்ரி. 'இரட்டைக் குளம்' என்று அர்த்தம். சாலமாண்டருக்காகவே 1985-ல் இதைச் சரணாலயம் ஆக்கினார்கள். பரப்பளவு வெறும் 10 ஏக்கர்தான்!

டிசம்பரில் போனால் ஏமாற்றம்தான். குளிர்காலத்தில் கல்லுக்கும் மரக்கட்டைக்கும் அடியில் அது தூங்கும். பருவமழை வந்ததும் குளத்தில் இறங்கி, நீர்ச்செடிகளில் முட்டையிடும். குஞ்சுகள் செவுள்களோடு தண்ணீரில் வளர்ந்து, பிறகு கரையேறும்.

ஆக, அதற்கு வீடு இரண்டு. குளத்தை மட்டும் காப்பாற்றினால் போதாது. சுற்றியுள்ள ஈர மண்ணும் புதரும் வேண்டும். ஜோர்போக்ரி இன்று விடுதி, பூங்கா எனச் சுற்றுலாப் பயணிகள் குவியும் இடம். கரை முழுக்க சிமென்ட் ஆனால், அது எங்கே தூங்கும்? அழகுக்காக மீன் விட்டால், முட்டையும் குஞ்சும் அதற்கு இரையாகிவிடும்.

இது நம்மூர்த் தவளைக்கும் பொருந்தும். தவளைக்கால் ஏற்றுமதியை இந்தியா 1987-லேயே தடை செய்துவிட்டது. ஆனால், ஏரியைத் தூர் வாரும்போது கரையோரப் புல்லையும் புதரையும் மொத்தமாக வழித்துப் போட்டால், அந்தத் தடையால் என்ன பயன்?

டார்ஜிலிங் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சாலமாண்டரைப் பார்த்தால் கையில் எடுக்காதீர்கள். நம் கையிலிருக்கும் உப்பும் க்ரீமும் அந்த ஈரத் தோலுக்கு ஆகாது. நாலடி தள்ளி நின்று ஒரு போட்டோ போதும்!