தண்ணிதானே, என்ன ஆயிடப் போகுது?

இப்படி நினைத்ததால் எங்கள் தாத்தா வீட்டில் ஒரு எட்டு காணாமல் போனது. அந்தக் கதைதான் இது.

கும்பகோணம் பக்கம் ஒரு கிராமம். வீட்டு வாசலுக்கு மேலே சுண்ணாம்புக் காரையிலேயே 1958 என்று புடைப்பாக இருக்கும். தாத்தா வீடு கட்டி முடித்த வருஷம். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்தால் சுவர் முழுக்கக் கறுப்பாகப் பாசி படிந்துவிடும். போன பொங்கலுக்கு முன்னால், "வெள்ளையடிக்க முன்னாடி நானே சுத்தம் பண்ணிடறேன்" என்று வாடகைக்கு ஒரு பிரஷர் வாஷர் எடுத்து வந்தேன். ஆள் கூலி மிச்சம் என்று கணக்கு வேறு. (பி.காம். புத்தி!)

மெஷினோடு ஐந்து நாசில் கொடுத்தார்கள். சிவப்பு 0 டிகிரி, மஞ்சள் 15, பச்சை 25, வெள்ளை 40, கறுப்பு சோப்புத் தண்ணீருக்கு. வேகமாக அடிப்பது எது? சிவப்பு. அதையே மாட்டினேன். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. பாசி போனது, அதன் பின்னாலேயே 8-இன் மேல் வட்டமும் பொலபொலவென்று உதிர்ந்தது.

திண்ணையில் இருந்த பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "விடுடா, உன் மேல எதுவும் படலையே?" என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

அதற்கப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். 10 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம் சுமாராக 1 பார். மாடித் தொட்டியிலிருந்து கீழே குழாய்க்கு வருவது 1 பார்கூட இருக்காது. சின்ன பிரஷர் வாஷரே 100 பார் தரும். சிவப்பு நாசில் அதை ஒரே புள்ளியில் குத்துகிறது. வெள்ளையோ ஒரு அடி தூரத்தில் சுமார் 22 சென்டிமீட்டர் அகலத்துக்கு விரித்துவிடுகிறது. அதே தண்ணீர், அதே மோட்டார், ஆனால் அடி வேறு.

ஆக, முதலில் பார்க்க வேண்டியது மெஷினை அல்ல, சுவரை. கருங்கல் தரை, நல்ல சிமெண்ட் தளம் என்றால் பச்சை நாசில் போதும். பெயிண்ட் அடித்த சிமெண்ட் சுவருக்கு வெள்ளை, அதுவும் தள்ளி நின்று, முதலில் ஒரு மூலையில் அடித்துப் பார்த்துவிட்டு. சுண்ணாம்புக் காரை, நாட்டு ஓடு, பழைய செங்கல் இடுக்கு பக்கம் மெஷினே வேண்டாம்.

எட்டைச் சரிசெய்ய வந்த வயசான கொத்தனார் இதையே ஒரு வரியில் சொன்னார்: "தம்பி, பாசிக்கு உசுரு இருக்கு. அதைத்தான் கொல்லணும், செவுத்தை இல்ல." சுவரை நனைத்து, தேங்காய் நாரால் தேய்த்து, மேலே புதுச் சுண்ணாம்பு அடித்தார். சுண்ணாம்பின் காரத்தில் பாசி சீக்கிரம் பிடிக்காது. வேகமாக அடித்தால் மேலே இருப்பது மட்டும்தான் போகும், துளைகளுக்குள் இருப்பது அடுத்த மழைக்குத் திரும்ப வந்துவிடும்.

மெஷின் வாடகை, கொத்தனார் கூலி இரண்டையும் கூட்டினால் என் 'மிச்சம்' நஷ்டக் கணக்கில்தான் நிற்கிறது. புது எட்டு பழசைவிடக் கொஞ்சம் குண்டு. தாத்தா பார்த்த எட்டு அது இல்லை. அதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

பி.கு: சிமெண்ட் சுவர்ப் பாசிக்கு பிளீச்சிங் பவுடர் கரைசல் நன்றாக வேலை செய்யும். ஆனால் பாத்ரூம் ஆசிட்டோடு அதைக் கலந்துவிடாதீர்கள். வருவது குளோரின் வாயு, உயிருக்கே ஆபத்து.