உங்கள் குடி எது?

அக்கரைப்பற்றில் பஸ் ஏறிக் கல்முனைக்கு வரும்போது ஊர்ப் பெயர்ப் பலகைகளை வாசித்துக்கொண்டு வருவது என் பழக்கம். அட்டாளைச்சேனை, பாலமுனை, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனைக்குடி. பெயரின் கடைசித் துண்டே பல இடங்களில் நிலத்தின் கதையைச் சொல்லிவிடும். சேனை என்றால் காடு வெட்டிப் பயிர் செய்த இடம். முனை என்றால் நீட்டி நிற்கும் நிலம். வில் என்றால் நீர் தேங்கும் பள்ளம். குடி மட்டும் நிலத்தை அல்ல, அதில் வாழும் மனிதரைச் சொல்கிறது.

குடி மிகப் பழைய தமிழ்ச் சொல். வீடு, குடும்பம், பரம்பரை என்று பல பொருள் அதற்கு உண்டு. குடியிருப்பு, குடியேற்றம், குடிமகன் எல்லாம் அதிலிருந்து வந்தவையே. வடக்கே போனால் களுவாஞ்சிக்குடி, காத்தான்குடி. தமிழ்நாட்டில் காரைக்குடி, மன்னார்குடி. இத்தாலி நாட்டில் கோட்டையைக் குறிக்கும் 'காஸ்தெல்' என்ற சொல்லோடு தொடங்கும் ஊர்கள் ஏராளம். அங்கே கோட்டை ஊருக்குப் பெயரானது. இங்கே குடும்பம் பெயரானது.

நம் கரையில் இச்சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. ஒருமுறை கல்முனைக்குடியில் வீட்டு விபரம் எடுக்கப் போனபோது, திண்ணையில் இருந்த உம்மம்மா ஒருவர் என்னைத் திருப்பிக் கேட்டார்:

"மகள், நீங்க எந்தக் குடி?"

அவர் கேட்டது ஊரை அல்ல, தாய்வழியை. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் பிள்ளை உம்மாவின் குடியையே சேரும். ஒரே குடிக்குள் கலியாணம் செய்வதில்லை. பள்ளிவாசல் மரைக்கார்மாரைக் குடிவாரியாகத் தெரிவு செய்யும் வழக்கமும் இருந்தது. மகளுக்கு வீடும் வளவும் சீதனமாகக் கொடுப்பார்கள். மாப்பிள்ளைதான் அந்த வீட்டுக்கு வந்து சேருவார். அந்தச் சீதனத்துக்காகப் பெற்றோர் படும் பாடு பெரிது. ஆனாலும் வீடு பெண்ணுடையது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. இலங்கையில் ஆகக்கூடுதலான உயிர்கள் போனது அம்பாறை மாவட்டத்தில்தான். 10,000 பேருக்கும் மேல். பிறகு நிரந்தர வீடுகள் கொடுக்கப்பட்டபோது, பல இடங்களில் 'குடும்பத் தலைவர்' என்று கணவரின் பெயரே எழுதப்பட்டது. உம்மா மகளுக்குக் கொடுத்த வீடு கடலோடு போய், புதிய வீடு வேறொருவர் பெயரில் வந்தது. கணவர் பிரிந்து போனால் அவள் எங்கே போவாள்?

அரச காணிப் பேர்மிட்டிலும் இந்தக் குறை இருந்தது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில், பின்னுரித்தாளர் பெயர் குறிக்கப்படாவிட்டால் பிள்ளைகளில் ஆண்களுக்கே முதலிடம். 2022இல்தான் அது திருத்தப்பட்டது.

சகோதரிகளே, இன்றே பெட்டியைத் திறந்து பாருங்கள். உறுதியில் யாருடைய பெயர் இருக்கிறது? போரிலோ கடலிலோ உறுதி தொலைந்திருந்தால், அது பதிவு செய்யப்பட்டதாயின் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம். பேர்மிட் காணியென்றால் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். தனியே போகத் தயக்கமென்றால் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போங்கள்.

அன்று அந்த உம்மம்மாவிடம் என் குடியைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டு பாயை விரித்தார். "அப்ப நீங்க நம்மட ஆள்தான், இரிங்க" என்றார்.