வழித்துணைக் கப்பல்

போர் வரலாறுகளில் பெரிய கப்பல்களை நான் வேகமாகக் கடந்துவிடுவது வழக்கம். பிஸ்மார்க்கைப் பற்றியும் யமாட்டோவைப் பற்றியும் எழுதப் பலர் இருக்கிறார்கள். என் மனம் தங்குவது வழித்துணைக் கப்பல்களில்தான். அமெரிக்கக் கடற்படை 'டிஸ்ட்ராயர் எஸ்கார்ட்' என்று பெயரிட்ட இவை, சரக்குக் கப்பல் அணிகளை ஜெர்மானிய நீர்மூழ்கிகளிடமிருந்து காப்பதற்காக இரண்டாம் உலகப் போரின் நடுவே அவசர அவசரமாகக் கட்டப்பட்டவை. அட்லாண்டிக்கின் அலைகளில் தக்கையாய் ஆடுபவை.

அவற்றுள் ஒன்று யு.எஸ்.எஸ். மேசன். 1944 மார்ச் 20 அன்று பாஸ்டனில் பணியில் சேர்ந்தது. மாலுமிகள் ஏறத்தாழ 160 பேர் கறுப்பினத்தவர். தலைமை அதிகாரிகள் வெள்ளையர். 1942 வரை அக்கடற்படையில் கறுப்பினத்தவருக்கு வாய்த்தது உணவுக்கூடப் பணி மட்டுமே: சமைக்கலாம், அதிகாரிகளுக்குப் பரிமாறலாம், அவர்களின் படுக்கையைச் சீர் செய்யலாம். மேசனிலோ அவர்கள் சோனாரில் காது வைத்தார்கள், வானொலியை இயக்கினார்கள், பீரங்கிகளின் பின்னே நின்றார்கள். இதைப் பரிசோதனை என்றார்கள். சோதிக்கப்பட்டது மாலுமிகளின் திறமையா, மற்றவர்களின் மனமா என்று கேட்கத் தோன்றுகிறது.

அதே ஆண்டில் பெல்ஃபாஸ்டில் கரையிறங்கியபோது அங்குள்ளவர்கள் தங்களை அமெரிக்கர்களாக மட்டுமே பார்த்ததை அம்மாலுமிகள் முதுமையிலும் வியப்போடு நினைவுகூர்ந்தனர். அயல்நாட்டில் கிடைத்த சொந்த நாட்டு அடையாளம்!

1944 அக்டோபரில் என்ஒய்-119 என்ற அணி இங்கிலாந்தை நெருங்கியது. இழுவைப் படகுகளும் பார்ஜுகளும் நிறைந்த, ஊர்ந்து செல்லும் அணி அது. கடும் புயல் பிடித்துக்கொண்டது. அணியின் ஒரு பகுதியை மேசன் ஃபால்மவுத் துறைமுகத்துக்கு அழைத்து வந்தது. அதன் மேல்தளம் பிளந்திருந்தது. மாலுமிகளே விரைந்து பற்றவைத்தனர். எழுதுபவர்கள் பெரும்பாலும் இந்தப் பிளவையே சொல்கிறார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது அடுத்து நடந்தது. கரை கண்ட கப்பல், வெளியே தத்தளிப்பவர்களுக்காக மீண்டும் புயலுக்குள் போனது. உடன் புறப்பட்ட இரு பிரிட்டிஷ் கப்பல்கள் கடலின் சீற்றம் கண்டு திரும்பிவிட்டன.

தளபதி வில்லியம் பிளாக்ஃபோர்ட், தம் மாலுமிகள் ஒவ்வொருவருக்கும் பாராட்டுக் கடிதம் வழங்கப்பட வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதினார். பதில் இல்லை. 1947இல் மேசன் உடைப்பதற்கு விற்கப்பட்டது. படைகளில் இனப் பாகுபாட்டை நீக்கும் ட்ரூமனின் ஆணை வந்தது 1948 ஜூலையில்.

மேரி பேட் கெல்லி என்ற எழுத்தாளர் அம்மாலுமிகளைத் தேடிச் சென்று அவர்கள் கதையை நூலாக்கினார். கடற்படை அந்தக் கடிதங்களை 1990களில்தான் வழங்கியது. வாங்கிக்கொள்ள, முதியவர்கள் சிலரே எஞ்சியிருந்தனர்.